நீலக் கயிறு கட்டிய தட்டு

தொட்டியிலிருந்து மேலே வந்த சவ்வுத் தட்டு நேற்றுக் கடையில் வாங்கியதுபோல் பளபளத்தது. தினகரனுக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா சார்? ஏரித் தண்ணியில தொண்ணூறு நாள் கெடந்திருக்கு. ஒரு பொட்டு பாசி ஒட்டல."

பேராசிரியர் வேதகிரி பக்கத்துத் தட்டையும் தூக்கிப் பார்த்தார். அது பூச்சு பூசாத சாதா சவ்வு. எருமை முதுகில் சேறுபோல் பாசி அப்பியிருந்தது.

தண்ணீர் வடிகட்டும் சவ்வில் அழுக்குப் படியாமலிருக்க ஒரு பூச்சு. அதைக் கட்டிக்கொண்டு ஆறு வருடமாக மாரடித்தவன் தினகரன். இன்று தேறினால் டாக்டர் பட்டம், இல்லாவிட்டால் கல்யாணப் பத்திரிகையிலும் வெறும் தினகரன்தான்.

"அடையாளத்துக்கு நம்ம தட்டுல நீலக் கயிறு கட்டியிருக்கேன் சார்."

உத்திரமேரூர் பக்கத்து அந்தக் கிராமத்தின் குடிநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சசிரேகா ஓரமாக நின்றிருந்தாள். வேதகிரி அவளைக் காட்டி, "இந்த அம்மாவுக்கு ஆராய்ச்சி விவரமெல்லாம் சொன்னியாப்பா?" என்றார்.

தினகரன் உதட்டைப் பிதுக்கினான். வந்த முதல் நாளே அவள் கேட்கத்தான் செய்தாள். 'உனக்கெல்லாம் புரியாது. இந்த நீலக் கயிறு தட்டு அழுக்காச்சுன்னா என் ஆறு வருஷப் படிப்பு போச்சு, அதை மட்டும் தெரிஞ்சுக்க' என்று வாயை அடைத்துவிட்டுப் போனவன், மாதம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்ததோடு சரி.

"இவங்களுக்கு எதுக்கு சார் விவரம்?" அலமாரியில் சாமி படத்தின் முன்னால் மின்னிய பித்தளை விளக்கையும், தொட்டி விளிம்பில் இருந்த புளி உருண்டையையும் அவன் ஏளனமாகப் பார்த்தான். "வெளக்கு தேய்க்கத்தான் தெரியும். சவ்வப் பத்தி இன்னா தெரியும்னு கேளுங்க."

சசிரேகா தலையைக் குனிந்துகொண்டாள். வேதகிரிக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"போகட்டும்பா. முடிவு அருமையா வந்திருக்கு, நாளைக்கே ஆய்வறிக்கையை எழுதிடு." பிறகு அவளிடம் திரும்பி, "மூணு மாசம் நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல இன்னா சார் கீது? அழுக்கானா படிப்பே பூடும்னு சார் சொன்னாரு, பாவமா இருந்திச்சு. வாரா வாரம் வெள்ளிக்கெழம வெளக்கு தேய்க்கறப்ப, அந்தத் தட்டயும் புளி போட்டுத் தேச்சிக்கினு வந்தேன்."