ரூத் விட்ட இடைவெளி

நாளைக் காலை மாமல்லபுரத்தில் கைடு வேலைக்கு இன்டர்வியூ. ஜோயல் போனை மடியில் வைத்துக்கொண்டு மனைவியிடம் இங்கிலீஷ் பாடம் கேட்டான்.

“ரன்னுன்னா ஓடுறது மட்டும் இல்லய்யா. கொழாயில தண்ணி வந்தா அதுவும் ரன். கடைய நடத்துனா அதுவும் ரன். எங்க சொல்லு, பஸ்ஸு ஓடிகினு இருந்தா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தாள் ரூத்.

“ரன்னிங்.”

“சரி. அடுத்தது.”

அடுப்படியிலிருந்து அவன் அம்மா காசியம்மாள் சலித்துக்கொண்டாள். “அவ மேல லாரி ஏறி, அவ செத்து வருஷம் ஒண்ணாவுது. இன்னும் எத்தினி வாட்டிடா அந்த ரெக்கார்டையே கேட்டுகினு இருப்ப?”

“நான் பதில் சொல்றதுக்கு எடம் வுட்டுப் பேசிகீறாம்மா. தப்பா சொன்னாலும் ‘சரி’ன்னுதான் வரும். அவகூட பேசுற மாதிரியே கீது.”

“டீத்தூள் தீந்துபோச்சுன்னா?” என்றாள் ரூத்.

‘ரன் அவுட்’ என்று சொல்ல வேண்டும். அம்மா சொன்ன லாரியே மனதில் நின்றதால், ஜோயல் “ரன் ஓவர்” என்றான்.

போன் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் மௌனமாக இருந்தது.

“தப்பு,” என்றாள் ரூத். “அது ஆள் மேல வண்டி ஏறுறது. எனக்குத் தெரியாதா?”