மூன்று மணி பஸ்

பிரதம அதிதி ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்து, நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். மேடைக் கதிரைகளுக்கு வெள்ளைத் துணி, பந்தல், இளநீர். பேச்சு முடிந்தால்தான் ஓட்டம். பல்கலைக்கழகங்களுக்கிடையிலான நூறு மீட்டர் இறுதிப் போட்டியில் ஓட வந்த எட்டுப் பெண்களுக்கும் பேராதனை வெயில். அவர்களில் ஒருத்தியான தனுஜா மட்டும் கம்பி வேலியோரம் வந்து நிற்கிறாள். வேலிக்கு அப்பால் அம்மா. மகள் ஓடுவதை அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகாமல் தெல்தோட்டையிலிருந்து வந்திருக்கிறாள். மூன்று மணி பஸ்ஸை விட்டால் தோட்டத்துக்கு வேறு பஸ் இல்லை. மணி இரண்டே முக்கால்.

"நான் கெளம்புறேன்டி," என்று அம்மா பையைத் தோளில் மாட்டுகிறாள்.

"இப்ப முடிச்சிருவாரும்மா."

"எங்க முடிக்கிறது? நேரம் முடிஞ்சு இப்பதான் ஒழுக்கத்துக்கே வந்திருக்காரு."

தனுஜா தொடக்கக் கோட்டுக்குப் போகிறாள். குனிகிறாள். வெடிச் சத்தம் எதுவுமில்லாமல், வெறுமையான தடத்தில் தனியே பறக்கிறாள். மாணவர் பக்கம் கைதட்டல் எழுகிறது. அது தனக்கென்று நினைத்த அதிதி தலைவணங்கி, இன்னொரு தாளை எடுக்கிறார். தனுஜா மூச்சு வாங்கத் திரும்பி வருகிறாள். அம்மாவின் விரல்கள் கம்பியைப் பிடித்தபடி இருக்கின்றன.

"பாத்துட்டேன். நீதான் மொதல்ல வந்த."

"வேற யாருமே ஓடலியேம்மா."

"நான் பாத்ததுல நீதான்."

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறாள். தலையை இடப்பக்கம் சாய்த்து, தனுஜாவைப் போலவே. அம்மா ஓடித் தனுஜாவும் பார்த்ததில்லை.