காலியான மேல்தட்டுகள்

பினாங்கின் சுங்கை பினாங் அடுக்குமாடியின் கீழ்த்தளக் கடையில், கண்ணாடி அலமாரி மேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. மேல்தட்டுகள் இரண்டும் துடைத்துவிட்டாற்போல் காலி. கீழ்த்தட்டில் மட்டும் தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன்கள் ஆவி விட்டுக்கொண்டிருக்கின்றன. வில்லியத்துக்கு இது மூன்றாவது பேக்கரி. முதல் இரண்டும், வந்தவர்கள் கேட்டதையெல்லாம் செய்து கொடுக்கப் போயே கடனில் மூழ்கின; அதனால்தான் இந்த முறை மேல்தட்டுகளைக் காலியாகவே விட்டிருக்கிறார். "அண்ணே, கறிபாப் இல்லையா? கேக்கு?" தொழிற்சாலைச் சீருடையில் நிற்கும் பெண் கேட்கிறாள். உள்ளே மனைவி ஆலிஸ் மாவு அடிக்கும் சத்தம் சட்டென்று நின்றுபோகிறது. 'நாளைக்குச் செஞ்சு தரேன்' என்பது வில்லியத்தின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. காலித் தட்டுகளை ஒருமுறை பார்க்கிறார். "இல்லம்மா, பன் மட்டும்தான்லா." "அப்ப சூடா நாலு குடுங்க." அவர் சிரித்துக்கொண்டே இடுக்கியை எடுக்கிறார். உள்ளே மாவு மறுபடியும் மேசையில் தொப்பென்று விழுகிறது. கூடவே ஆலிஸ் ஏதோ பாட்டை முணுமுணுக்கிறாள்.