பாலிசியில் ஒரு கூலியாள்

கட்டிலில் கிடந்தபடியே ஆரஞ்சைத் தூக்கி எறிந்தான். இன்சூரன்ஸ் ஏஜென்ட் தண்டபாணி குனிந்துகொண்டார். பழம் ஆஸ்பத்திரிச் சுவரில் பட்டு வழிந்தது.

அவர் வாங்கி வந்த ஆரஞ்சுதான்.

மில் கூரையில் ஷீட் மாற்றக் காண்ட்ராக்ட் எடுத்து, மேலேயிருந்து விழுந்தவன். காலுக்குள் கம்பி வைத்தால்தான் இனி நடக்கலாம். பணமெல்லாம் பாலிசியில் வந்துவிடும் என்று வார்டு முழுக்கப் பீற்றியிருந்தான்.

இப்போது வராதாம்.

"நீங்க முதலாளிங்ணா. பாலிசி கூலியாளுக்குத்தான்."

"என்கிட்ட எவன்யா கூலியாள் இருக்கான்? முதலாளியும் நாந்தான், மாடும் நாந்தான்!"

பாலிசி இல்லாமல் மில் கேட்டுக்குள் விடமாட்டார்கள். வேலை எடுத்த அன்றைக்குத் தண்டபாணி இரண்டு பாலிசி கொண்டுவந்தார். கூலியாளுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. இவனா விடுவான்? டீக்கடை பெஞ்சில் வைத்து அவரைக் கசக்கிப் பிழிந்தான். பாதியாகக் குறைத்த பிறகுதான் டீக்கே காசு கொடுத்தான்.

எப்படிக் குறைந்தது என்று கேட்கவில்லை.

அவனைக் கழித்துவிட்டுக் குறைத்திருந்தார்.

பாலிசியில் மிஞ்சியது பெயர் போடாத ஒரு கூலியாள். அப்படி ஒருவன் அவனிடம் என்றைக்கும் இருந்ததில்லை. கீழே நின்று கயிறு பிடிக்கிறவள் மனைவி.

"அப்பவே சொல்றதுக்கென்னய்யா கேடு?"

"அதுல போட்டிருக்குதுங்ணா. நீங்க வெலையத்தான பாத்தீங்க."

டம்ளரை எடுத்தான். கட்டிலோரம் நின்ற மனைவி பிடுங்கிக்கொண்டாள்.

அதற்குள் மில்லிலிருந்து போன். கூரை பாதி திறந்து கிடக்கிறது. மழைக்கு முன் முடிக்காவிட்டால் வேறு ஆளை விடுவார்கள். செய்த வேலைக்கும் காசு கிடையாது.

தண்டபாணி தொண்டையைச் செருமினார்.

"பாலிசி உசுரோடதான் இருக்குதுங்ணா. ஆரையாச்சும் கூலிக்கு ஏத்துங்க. விழுந்தாச் சுளையாக் கிடைக்கும்."

அவன் வைத வசவில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். தண்டபாணியை வைதான். அவர் குலத்தை வைதான். மில்லை, மழையை, டீக்கடையை வைதான். தன்னை மட்டும் விட்டுவிட்டான்.

அவள் யாரையும் வையவில்லை.

"பொம்பள ஏறுனா செல்லுமாங்க?"

தண்டபாணி அவனைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.



அவள் கட்டிலுக்கடியில் கைவிட்டு அவனுடைய பூட்ஸை இழுத்தாள். காலை நுழைத்துப் பார்த்தாள். பெரிசாக இருந்தது.

தலையணைக்கடியிலிருந்த பழந்துணியை உருவி, நுனியில் திணிக்கத் தொடங்கினாள்.