சோபா அமுங்கவில்லை

உப்பிலி தும்பிக்கையை ஆட்டிக்கொண்டு வந்தான். சோபாவில் ஏறி, பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

சோபா அசையவே இல்லை.

மகள் அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். அப்பா நிஜம், வீடியோவில் எடுத்தது. சோபாவும் நிஜம். உப்பிலி மட்டும் அவள் வரைந்து கம்ப்யூட்டரில் நடக்கவிட்ட யானைக்குட்டி. அவனிடம் ஒரு குறை சொல்ல முடியாது. அவன் காது ஆடுகிற அழகைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. இந்தப் பாழாய்ப்போன சோபாதான், ஓர் ஈ உட்கார்ந்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

வரைந்ததெல்லாம் பிரமாதம், கனம்தான் இல்லை என்று சார் சொல்லிவிட்டார். கல்லூரியில் கடைசி வருடத்துப் படம். இந்தக் காட்சி நின்றால்தான் படம் நிற்கும்.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே வழியும் தெரிந்தது. அதே இடத்தில் கனமான ஓர் ஆளை உட்காரவைத்து எடுக்க வேண்டும். பிறகு ஆளை அழித்துவிட்டு அந்தப் பள்ளத்தில் உப்பிலியை வைத்துவிடலாம்.

வீட்டில் கனமான ஆள் அம்மாதான்.

அம்மா கல்யாண வீடுகளில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரமாட்டாள். போட்டோ என்றால் கடைசி வரிசையில், யாராவது ஒருவர் தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அதெல்லாம் தெரிந்தும், நீ உட்கார்ந்தால்தான் சோபா அமுங்கும் என்று மகள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அம்மாவின் முகம் சுருங்கியது. கரண்டியைக் கழுவினாள். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவினாள்.

"என்னை அழிச்சிருவல்ல?"

"சுத்தமா அழிச்சிருவேம்மா."

"அப்ப சரி."

கேமரா ஓடியது. அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். வருவது வரட்டும் என்று உட்கார்ந்தாள்.

சோபா அமுங்கியது. அப்பா பேப்பரோடு அம்மாவின் மேலேயே சரிந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மனிதர் எரிந்து விழுவார் என்று பார்த்தால், அம்மாவை நிமிர்ந்து பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அம்மாவாலும் அடக்க முடியவில்லை. கேமரா இருப்பதையே மறந்துவிட்டாள்.

மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அம்மாவை அழிக்க ஆரம்பித்தாள்.

முதலில் கால். அப்புறம் கை.

முகத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

அப்பாவும் அம்மாவும் இப்படி ஒட்டி உட்கார்ந்த ஒரு படம் அந்த வீட்டில் கிடையாது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று.

கூப்பிட்டதும் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மகள் முதலில் அழிக்காத வீடியோவை ஓட்டிக் காட்டினாள். பிறகு அம்மாவின் மேல் உப்பிலியை வைத்து ஓட்டினாள். கச்சிதம். சோபா அமுங்கியது, அப்பா சரிந்தார், யானையைப் பார்த்துச் சிரித்தார். சார் இனி வாயைத் திறக்க முடியாது.

அம்மா முதலில் காட்டியதை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

அவள் போட்டாள்.

அம்மா குனிந்து, திரைக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இந்த யானையக் கொஞ்சம் தள்ளி உக்கார வைக்க முடியாதா, கண்ணு?"

"வைக்கலாம். அப்ப நீ தெரிவியேம்மா."

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போறேன்."

அவள் உப்பிலியைத் தூக்கி இருவர் காலடியிலும் தரையில் விட்டாள். தரை அமுங்க வேண்டிய அவசியமில்லை.