தொட்டியோரப் பச்சை விளக்கு

"சோபனா, அந்தச் செக்கிங்கை மொதல்ல எடும்மா. ஃபேக்டரியே படுத்துடுச்சு!"

மேனேஜர் நாகேந்திரன் கத்திய கத்தலில் ஆம்பூர் தோல் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறை அதிர்ந்தது.

அவர் கோபத்திலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. மெஷின், மீட்டர், விளக்கு எல்லாம் சேதி அனுப்பிக்கொள்வது நடுவில் இருக்கும் ஒரு சர்வர் வழியாகத்தான். பாஸ்வேர்டு சொல்லாத சேதி உள்ளே நுழையக் கூடாது என்று காலையில்தான் சோபனா அதில் காவல் போட்டிருந்தாள். அதிலிருந்து எல்லாமே ஆமை வேகம்.

"ஒவ்வொண்ணையும் நீ யாருன்னு கேக்குது சார். கொஞ்சம் லேட்டாகும்."

"நம்ம ஃபேக்டரில வேத்தாளு யாரும்மா இருக்கான்? அங்க பாரு, கழிவுத் தொட்டி கழுவ கன்னியப்பன் காத்துக்கினு நிக்கிறான். வெளக்கு பச்சையே ஆவல. இத்தினி மாசத்துல ஒரு நாள் இப்படி வேலை நின்னிருக்கா?"

தொட்டியில் விஷவாயு இல்லை என்று மீட்டர் சொன்னால்தான் பச்சை எரியும். எரிந்தால்தான் ஆள் இறங்கலாம்.

ஜன்னல் வழியே பார்த்தாள். கன்னியப்பன் மாதனூர்க்காரர். கம்பெனி பஸ்ஸில் தினமும் இவளுக்கு இடம் பிடித்து வைப்பவர். பாவம், வெயிலில் நின்றார்.

சோபனா காவலை எடுத்தாள்.

சேதிகள் பறந்தன. விளக்கு பளிச்சென்று பச்சையானது. கன்னியப்பன் ஏணியில் கால் வைத்தார்.

"பாத்தியா?" என்று சிரித்தார் நாகேந்திரன்.

ஒரு பாஸ்வேர்டு கேட்டதற்கா இத்தனை இழுத்தது? சந்தேகத்தில் சர்வரைக் கிளறினாள்.

தொட்டி மீட்டர் என்ற பெயரில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நிஜ மீட்டர் 'வாயு இருக்கு' என்றது. பாஸ்வேர்டு இல்லாத இன்னொன்று 'வாயு இல்லை, வாயு இல்லை' என்று விடாமல் அனுப்பியது. காலையெல்லாம் துரத்தத் துரத்தத் திரும்பி வந்து சர்வரைத் திணறடித்ததும் அதுதான்.

"கன்னியப்பண்ணே! எறங்காதீங்க! மேல வாங்க!" ஜன்னலில் தொங்கிக்கொண்டு அலறினாள்.

கழுத்தளவு உள்ளே போயிருந்தவர் தட்டுத்தடுமாறி ஏறினார். தரையில் விழுந்து இருமினார். நல்லவேளை, உயிர் இருந்தது.

நாகேந்திரன் முகம் வெளிறியது. "ஏதாச்சும் மெஷின் கோளாறா இருக்கும். வுடும்மா."

அந்தப் போலிச் சேதி எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று சோபனா பார்த்தாள். நம்ப முடியாமல் இன்னொரு தரம் பார்த்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் சார், வேத்தாளு யாரும் இல்ல. அது உங்க ரூம்லேர்ந்துதான் வருது."