எந்த ஊரானாலும்

நரை விழும்வரை கௌரவ விரிவுரையாளராகவே காலம் தள்ளிய செண்பகவல்லியை நிரந்தர வேலைக்கான நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"எந்த ஊர்ல போட்டாலும் போவீங்களாம்மா?" என்றார் தேர்வுக்குழுத் தலைவர், டீயில் பிஸ்கட்டை நனைத்தபடி.

"எங்க வேணாலும் போவேன் சார்." எல்லோரையும்போல அவளும் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"அப்ப இன்னைக்கே சேந்துடுங்க." அவர் பின்பக்கக் கதவைத் திறந்தார். படிக்கட்டு கீழே இருட்டுக்குள் இறங்கியது. ஈரமண் வாடை அடித்தது.

"வெளிய வீட்டுக்காரர் நிக்கிறாரு சார், ஒரு வார்த்தை சொல்லிட்டு..."

"உங்களுக்கு முன்னாடி கீழ போனவரும் இதையேதாம்மா சொன்னாரு. வேலை வேணாம்னா சொல்லிடுங்க."

அவள் ஒரு படி இறங்கினாள். கீழே பெஞ்சுகள் கிரீச்சிட, மாணவர்கள் எழுந்தார்கள்.

"வணக்கம் செண்பகவல்லி மேடம்!"

பழக்கதோஷத்தில், "உக்காருங்க" என்றுவிட்டாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இருட்டுக்குள் வரிசைக்குப் பின் வரிசையாக அவர்கள் உட்கார்ந்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.